பிரியம் என்றால் உண்மையில் என்ன?

ஒருவர் மீது பிரியம் என்று சொன்னால் அதற்கு என்ன பொருள்? காதலிலிருந்தும் வெறும் பழக்கத்திலிருந்தும் அதை எப்படிப் பிரித்தறிவது? வெளியே காட்டத் தெரியாதவருக்குப் பிரியம் உண்டு என்று எடுத்துக்கொள்ளலாமா? நினைவு மங்கிப்போனவருக்கு நம் பிரியம் எட்டுமா? நீங்கள் கேட்ட இந்த நான்கும் ஒரே இடத்தில் போய்ச் சேர்கின்றன என்பதால் என் பதிலின் மையத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'இவர் இன்னார்' என்று அறிவு கண்டுகொள்வது ஒன்று. 'இவர் என்னவர்' என்று உடம்பு கண்டுகொள்வது இன்னொன்று. அந்த இரண்டாவது அறிதலுக்குத்தான் பிரியம் என்று பெயர். பாசம், வாஞ்சை, ஒட்டுதல் என்று எந்தப் பெயரில் அழைத்தாலும் அடியில் இருப்பது இதுவே.

இந்த இரண்டு அறிதல்களும் வேறு வேறு என்பதை வாழ்க்கையில் நாம் கவனிப்பதேயில்லை. கவனிக்க வாய்ப்பும் இல்லை, ஏனென்றால் இரண்டும் எப்போதும் ஒன்றாகவே நிகழ்கின்றன. ஒன்று மட்டும் அறுந்துபோனால்தான் மற்றதன் அருமை தெரியும். அப்படி அறுந்துபோகும் நிலை ஒன்று மருத்துவத்தில் உண்டு. 1923ஆம் ஆண்டு பிரெஞ்சு மனநல மருத்துவர் ஜோசப் காப்கிரா, தம் சக மருத்துவர் ஒருவருடன் சேர்ந்து அதைப் பதிவு செய்தார். அவர்களிடம் வந்த பெண்மணி, தன் கணவரையும் பிள்ளைகளையும் யாரோ அகற்றிவிட்டு, அச்சு அசலாக அவர்களைப் போன்றவர்களைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள் என்று உறுதியாக நம்பினார். முகம் அதே முகம் என்று ஒப்புக்கொள்கிறார். ஆனால் ஆள் அவர் இல்லை என்கிறார். இன்று அந்த நிலைக்குக் காப்கிராவின் பெயரே நிலைத்துவிட்டது.

பல பத்தாண்டுகள் கழித்து, 1990இல், எல்லிஸ், யங் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதற்கு ஒரு விளக்கம் முன்வைத்தார்கள். முகத்தை அடையாளம் காணும் வழி மூளையில் நன்றாகவே வேலை செய்கிறது. அந்த முகத்தைப் பார்த்ததும் உள்ளே எழ வேண்டிய நெகிழ்ச்சி மட்டும் எழவில்லை. அம்மாவின் முகம் தெரிகிறது. அம்மாவைப் பார்த்தால் வரும் எதுவும் வரவில்லை. அப்படியானால் இவள் அம்மா இல்லை என்று மனம் தானாகவே முடிவு கட்டிவிடுகிறது. இதைச் சோதித்தும் பார்த்தார்கள். நமக்கு நெருங்கியவரின் முகத்தைக் கண்டால் தோலில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வியர்வை கூடும். தோலின் மின்கடத்தலை அளந்து அதைக் கண்டுபிடிக்கலாம். காப்கிரா நிலையில் இருப்பவர்களிடம், தெரிந்த முகங்களுக்கு அந்த ஈரம் பெரிதாக எழவில்லை.

நரம்பியல் ஆய்வாளர் வி.எஸ். ராமச்சந்திரனும் வில்லியம் ஹிர்ஸ்டைனும் 1997இல் எழுதிய ஒரு நோயாளியின் கதையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். சாலை விபத்தில் தலையில் அடிபட்டு மீண்ட இளைஞர் அவர். எதிரே வந்து நிற்கும் பெற்றோரைப் பார்த்து, இவர்கள் போலிகள் என்றார். அதே பெற்றோர் தொலைபேசியில் பேசினால் அந்தச் சந்தேகமே வரவில்லை. உண்மையான பெற்றோர்தான் என்று ஏற்றுக்கொண்டார். கண்வழி போகும் பாதை பழுதாகிவிட்டது. காதுவழி போகும் பாதை அப்படியே இருந்தது. மகன் எதிரே நின்று 'நீ என் அம்மா இல்லை' என்று சொல்லும்போது அந்தத் தாயின் நிலை என்னவாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பிரியம் என்பது அறிதலுக்கு மேல் பூசிய மினுமினுப்பு என்று நினைப்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு கிடையாது. பிரியம் இல்லாவிட்டால் பெற்ற தாயையே அடையாளம் தெரியாமல் போகிறது.

இதற்கு நேர் எதிரான நிலையும் இருக்கிறது. மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் சிலருக்கு முகங்களே பிடிபடாமல் போய்விடும். வாழ்க்கைத் துணையின் புகைப்படத்தைக் காட்டினாலும் யாரென்று தெரியாது. அவர்களிடம் 1980களில் நடந்த ஆய்வுகளில், தெரிந்தவர்களின் படத்தைக் காட்டியபோது வாய் 'தெரியாது' என்றது. தோல் மட்டும் ஈரத்தோடு 'தெரியும்' என்றது. அறிவு கைவிட்ட பிறகும் உடம்பு தன்னவரை விட்டுக்கொடுக்கவில்லை.

ஒரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அந்த ஈரம் பிரியத்துக்கு மட்டுமே உரியதில்லை. அச்சுறுத்தும் ஒருவரைக் கண்டாலும் தோல் வியர்க்கும். 'இவர் எனக்கு முக்கியமானவர்' என்பதை மட்டுமே அது சொல்கிறது. அந்த முக்கியத்துவம் பிரியமாக எப்படிக் கனிகிறது என்பதுதான் அடுத்த கேள்வி, அங்கேதான் உங்கள் 'வெறும் பழக்கமா' என்ற சந்தேகமும் வருகிறது.

பழக்கத்தை இளக்காரமாகப் பேச வேண்டியதில்லை. ராபர்ட் ஸயோன்ஸ் என்ற உளவியலாளர் 1968இல் காட்டியது எளிமையானது: ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்த்தாலே போதும், அதன் மீது விருப்பம் கூடும். 1992இல் வெளியான ஓர் ஆய்வு இதை மனிதர்களை வைத்தே சோதித்தது. தோற்றத்தில் ஏறத்தாழ ஒரே மாதிரியான நான்கு பெண்களைத் தேர்ந்து, ஒரு பல்கலைக்கழக வகுப்பில் மாணவிகளைப் போல வெவ்வேறு எண்ணிக்கையில் வந்து உட்காரச் செய்தார்கள். ஒருவர் 15 முறை, ஒருவர் 10, ஒருவர் 5, ஒருவர் ஒருமுறைகூட வரவில்லை. யாரோடும் அவர்கள் பேசவில்லை. பருவ முடிவில் நால்வரின் படங்களையும் காட்டிக் கேட்டபோது, அதிகம் வந்தவரையே மாணவர்கள் அதிகம் விரும்பினார்கள். அவரைப் பார்த்த நினைவுகூடப் பெரும்பாலோருக்கு இல்லை! பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்று பழமொழி சொல்கிறது. அதுவும் பொய்யில்லை. முதலிலேயே எரிச்சல் ஊட்டியவரை அடிக்கடி பார்க்க நேர்ந்தால் எரிச்சல்தான் வளரும். பக்கத்தில் இருப்பது பிரியத்தை வளர்ப்பது போலவே பகையையும் வளர்க்கும் என்று அக்கம்பக்கத்து வீட்டாரைப் பற்றிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆக, பழக்கம் இல்லாமல் பிரியம் இல்லை. ஆனால் பழக்கம் மட்டுமே பிரியமும் இல்லை.

பழக்கத்தோடு சேர வேண்டியது என்ன? உணவு தருபவரிடம் ஒட்டுதல் வரும், அவ்வளவுதான் என்று ஒரு காலத்தில் பெரிய அறிஞர்களே நம்பினார்கள். அந்த நம்பிக்கை செய்த கேட்டைச் சுருக்கிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அமெரிக்க உளவியலாளர் ஜான் வாட்சன் 1928இல் வெளியிட்ட குழந்தை வளர்ப்பு நூலில், பிள்ளைகளைக் கட்டியணைக்காதீர்கள், முத்தமிடாதீர்கள், மடியில் உட்கார வைக்காதீர்கள் என்று எழுதினார். தவிர்க்க முடியாவிட்டால் இரவில் நெற்றியில் ஒரே ஒரு முத்தம்; காலையில் கைகுலுக்கல். அந்த நூலைப் பெற்றோர் மதித்து வாங்கிப் படித்தார்கள். மருத்துவமனைகளிலும் ஆதரவற்றோர் இல்லங்களிலும் கிருமி பரவும் என்ற அச்சம் சேர்ந்துகொண்டது. குழந்தையைத் தொடாமல் இருப்பதே தூய்மை என்று ஆனது. 1945இல் ரெனே ஸ்பிட்ஸ் என்ற மருத்துவர் இரண்டு இடங்களை ஒப்பிட்டார். ஒன்று, சுத்தமும் உணவும் மருத்துவமும் குறைவின்றி இருந்த ஆதரவற்றோர் இல்லம். பல குழந்தைகளுக்கு ஒரு செவிலி. மற்றொன்று, சிறைக்குள் இருந்த குழந்தைகள் பகுதி. அங்கே கைதிகளான தாய்மார்களே தங்கள் குழந்தைகளைத் தூக்கி வளர்த்தார்கள். சிறைக் குழந்தைகள் நன்றாக வளர்ந்தார்கள். இல்லத்துக் குழந்தைகளின் வளர்ச்சி நின்றுபோனது. பலர் இறந்தும் போனார்கள்.

உளவியலாளர் ஹாரி ஹார்லோ குரங்குக் குட்டிகளை வைத்துச் செய்த சோதனைகளும் இதையே காட்டின. 1958இல் அவர் அவற்றை உலகுக்குச் சொன்னார். தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட குட்டிக்கு இரண்டு பொம்மைத் தாய்கள். ஒன்று வெறும் கம்பி. பால் புட்டி அதில்தான். மற்றது மென்மையான துணி போர்த்தியது; அதில் பால் கிடையாது. குட்டி பாலுக்கு மட்டும் கம்பியிடம் போய்விட்டு, மீதி நேரமெல்லாம் துணித்தாயைக் கட்டிக்கொண்டு கிடந்தது. முரசு கொட்டும் இயந்திர பொம்மையை உள்ளே விட்டால் பதறி ஓடித் துணித்தாயிடம் ஒண்டிக்கொள்ளும். சிறிது நேரம் ஒட்டிக்கொண்டிருந்த பிறகு அச்சம் தணியும். அதன்பின் அங்கிருந்தே தலையைத் திருப்பி, தன்னைப் பயமுறுத்திய அந்தப் பொருளை ஆர்வத்தோடு பார்க்கத் தொடங்கும். இந்தச் சோதனைகள் கொடுமையானவை. தாயையே அறியாமல் வளர்ந்த பெண் குரங்குகளில் பல, பின்னாளில் தங்கள் குட்டிகளையே புறக்கணித்தன, தாக்கின. இப்படி ஓர் உயிரை வதைத்துத்தான் இதை நிறுவ வேண்டியிருந்ததே என்பது இன்றும் எனக்கு வேதனை. ஆனாலும் அந்தக் குட்டி தலையைத் திருப்பிப் பார்க்கும் கணம் முக்கியமானது. பிரியம் நம்மைக் கட்டிப்போடுகிறது என்று பலர் பயப்படுகிறார்கள். உண்மையில் அது தைரியம் கொடுத்து உலகத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிவிடுகிறது. மனிதக் குழந்தைகளிடம் உளவியலாளர் மேரி ஐன்ஸ்வொர்த் கண்டதும் இதுதான்: நம்பிக்கையான ஒருவர் அறையில் இருந்தால் குழந்தை அவரை விட்டு விலகிப்போய்த் தாராளமாக விளையாடுகிறது.

உடம்பில் இதற்கென்றே ஒரு வழி இருக்கிறது என்பது எனக்கு ஓயாத வியப்பு. முன்கை, முதுகு, முகம் போன்ற, மெல்லிய உரோமம் உள்ள தோலில் ஒருவகை மெதுவான நரம்பிழைகள் இருக்கின்றன. முள் குத்தினால் உடனே சொல்லும் வேகம் அவற்றுக்குக் கிடையாது. வருடலுக்குத்தான் அவை விழித்துக்கொள்கின்றன. அதுவும் நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வரையிலான வேகத்தில் வருடினால், வருடும் பொருள் தோலின் இயல்பான வெப்பத்தில், அதாவது ஏறத்தாழ 32 டிகிரி செல்சியஸில் இருந்தால், நன்றாக விழிக்கின்றன. ஓர் ஆய்வில் பெற்றோரிடம் குழந்தையை வருடச் சொன்னார்கள்; துணையரிடம் துணையை வருடச் சொன்னார்கள்; பிறகு ஒரு செயற்கைக் கையை வருடச் சொன்னார்கள். வேகத்தைப் பற்றி யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. குழந்தையையும் துணையையும் வருடிய கைகள் தாமாகவே அந்த மெதுவான வேகத்துக்கு இறங்கின. செயற்கைக் கையில் விரல்கள் வேகமாக ஓடின. தொடு உணர்வு தரும் வேகமான நரம்புகளை நோயால் இழந்த ஒரு பெண்ணின் முன்கையைத் தூரிகையால் வருடியபோது, என்ன பட்டது என்று அவரால் சரியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் இதமாக இருந்தது என்றார். 2002இல் வெளியான அந்த ஆய்வு, 'இன்னது தொட்டது' என்ற செய்தியும் 'அன்பாகத் தொட்டது' என்ற செய்தியும் தனித்தனி வழியில் போகின்றன என்று காட்டியது.

ஆக்ஸிடோசின் பற்றி ஒரு வரி போதும் என்று நினைக்கிறேன். அதற்கு 'அன்பு ஹார்மோன்' என்று பெயர் சூட்டிவிட்டார்கள். பிரசவத்திலும் பாலூட்டலிலும் அதன் பங்கு உறுதியானது. ஆனால் ஒரே துணையோடு வாழும் புல்வெளி எலிகளில் அந்த ஹார்மோனை ஏற்கும் அமைப்பையே மரபணு மாற்றத்தால் நீக்கியபோதும் அவை துணையோடு ஒட்டிக்கொண்டன என்று 2023இல் தெரியவந்தது. பிரியத்தை ஒரு வேதிப்பொருளின் பெயரில் பூட்டி வைக்க முடியாது.

இனி, உங்களுக்கு இருப்பது எது என்று கண்டுகொள்வதைப் பற்றி. வேட்கை ஒருவரை அடையத் துடிக்கிறது. மதிப்பு அவருடைய திறமையையோ குணத்தையோ பார்த்து வருகிறது. அவரைவிடத் திறமையானவர் வந்தால் கண் அங்கே போய்விடும். பழக்கம் அவர் இருந்த இடம் காலியாக இருப்பதைப் பொறுக்காது. அந்த இடத்தை யார் நிரப்பினாலும் சமாதானமாகிவிடும். பிரியத்துக்கு மாற்று ஆள் கிடையாது. அவருடைய எல்லா நற்குணங்களும் கொண்ட இன்னொருவரை, இன்னும் கூடுதலாகவே கொண்டவரை, கொண்டுவந்து நிறுத்தினாலும் மனம் 'இவர் இல்லை' என்றுதான் சொல்லும். உங்களையே கேட்டுப் பாருங்கள்: அவருக்கு ஒரு நல்லது நடக்கிறது, அதில் உங்களுக்கு எந்தப் பங்கும் இல்லை, அதனால் உங்களுக்கு எந்தப் பலனும் இல்லை. செய்தி கேட்டதும் முகம் மலர்கிறதா? அவருடைய ஒரு சின்ன வழக்கம், பேசுமுன் தொண்டையைச் செருமுவதோ, படிக்கும்போது உதடு அசைவதோ, மற்றவரிடம் எரிச்சல் தரக்கூடியது, அவரிடம் மட்டும் பிடித்துப்போயிருக்கிறதா? அப்படியானால் அது பிரியம்தான். வேட்கையும் அதோடு சேர்ந்து இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். 'காதல் இல்லை, வெறும் பிரியம்தான்' என்று ஏதோ குறைந்துபோனது போலச் சொல்வதை நான் ஏற்பதில்லை. நீண்ட நாள் சேர்ந்து வாழும் இருவரை நோய் வரும்போதும் முதுமையிலும் தாங்குவது அந்தப் பிரியம்தான்.

இல்லாத பிரியம் வருமா என்றும் சிலர் கேட்பதுண்டு. வரும். பெறுவதைவிடக் கொடுப்பதால்தான் அது அதிகம் வளர்கிறது. 1969இல் வெளியான ஒரு சோதனையில், ஆய்வாளருக்கு ஒரு தனிப்பட்ட உதவி செய்தவர்கள், உதவி செய்யாதவர்களைவிட அவரை அதிகம் விரும்பினார்கள். குழந்தையைப் பராமரிக்கும் முழுப் பொறுப்பையும் தாமே ஏற்ற தந்தையரின் மூளை, தாய்மாரின் மூளையைப் போலவே தம் குழந்தையைக் காணும்போது விழித்துக்கொள்கிறது என்று 2014இல் வெளியான ஆய்வு கண்டது. பெற்றால்தான் பிள்ளை என்பதில்லை. தூக்கி, குளிப்பாட்டி, இரவில் விழித்திருந்து வளர்த்தவருக்கும் அதே ஒட்டுதல் வருகிறது. தத்தெடுத்த ஒவ்வொரு பெற்றோரும் இதற்குச் சாட்சி.

ஆனால் பிரியம் ஒரு கண்ணால்தான் பார்க்கும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. தன்னவர் செய்த தவறு சிறிதாகவும் பிறர் செய்தது பெரிதாகவும் தெரியும். ஒருவர் மீதுள்ள பிரியத்தைக் காரணம் காட்டி அவருடைய நண்பர்களை விலக்கச் சொல்வது, எங்கே போனார் என்று ஒவ்வொரு மணிக்கும் கணக்குக் கேட்பது போன்றவற்றையும் பிரியம் என்று சொல்லி நியாயப்படுத்துகிறார்கள். நான் அதை ஒப்ப மாட்டேன். அங்கே ஆளைப் பற்றிய கவலையைவிடத் தன் இழப்பைப் பற்றிய அச்சம்தான் பேசுகிறது. அந்தக் குரங்குக்குட்டியை நினைத்துக்கொள்ளுங்கள்: பிரியம் ஒருவரை உலகத்தின் பக்கம் திருப்ப வேண்டும்.

வெளியே காட்டத் தெரியாதவரைப் பற்றி: அவருக்குள் பிரியம் இருக்கலாம். பேச்சில் வராமல், ஓடியோடிச் செய்யும் காரியங்களில் வெளிப்படலாம். அதைப் படிக்கத் தெரிந்தவருக்கு அதுவே போதும். ஆனால் படிக்க முடியாத நிலையில் இருப்பவருக்கு, முக்கியமாகக் குழந்தைக்கு, 'மனசுக்குள் பாசம் இருக்கிறது' என்பது எந்த விதத்திலும் உதவாது. 1950களில் பிரிட்டிஷ் மருத்துவமனைகளில் பெற்றோர் வந்து பார்ப்பதற்குக் கடும் கட்டுப்பாடு இருந்தது. பிள்ளைகள் மீது பாசம் இல்லாமல் யாரும் அப்படி விட்டுவிட்டுப் போகவில்லை. தனியே விடப்பட்ட சிறு குழந்தைகளை ஜேம்ஸ் ராபர்ட்சன் கூர்ந்து கவனித்தார். முதலில் அழுது அரற்றும். பிறகு சோர்ந்து அடங்கும். அதற்கும் பிறகு அமைதியாகி, யாரோடும் சிரித்துப் பேசும். இங்கே நன்றாகப் பழகிவிட்டது என்று செவிலியர் நினைத்தார்கள். தாய் வந்ததும் அந்தக் குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டது. 1952இல் இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் மருத்துவமனை நாட்களை அவர் படமாக்கிக் காட்டினார். மருத்துவர்களில் பலர் கோபப்பட்டார்கள். 1959இல் அரசு நியமித்த குழு, பெற்றோர் எந்த நேரமும் வரலாம் என்று பரிந்துரைத்தது.

பெரியவர்களுக்கும் இது பொருந்தும். உளவியலாளர் ஜான் காட்மன் புதுமணத் தம்பதியரின் அன்றாடப் பேச்சைப் பதிவு செய்து பார்த்தார். ஒருவர் சன்னல் வழியே ஏதோ ஒரு பறவையைக் காட்டி 'அங்கே பார்' என்கிறார். மற்றவர் தலையை உயர்த்திப் பார்க்கிறாரா இல்லையா? இவ்வளவுதான் விஷயம். ஆறு ஆண்டுகள் கழித்தும் சேர்ந்திருந்தவர்கள் இப்படிப்பட்ட அழைப்புகளில் 86 சதவீதத்துக்கு முகம் கொடுத்திருந்தார்கள்; பிரிந்துபோனவர்கள் 33 சதவீதத்துக்குத்தான் என்பது அவர் தரும் கணக்கு. காட்டத் தெரியாது என்பவரிடம் நான் நீண்ட வசனங்களைக் கேட்க மாட்டேன். கூப்பிட்டால் தலையை உயர்த்திப் பாருங்கள் என்று மட்டும் சொல்வேன். அது யாருக்கும் கைவரும்.

கடைசியாக, நினைவு மங்கியவர்கள். அமெரிக்காவின் அயோவாவில் அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான படத் துணுக்குகளையும் மகிழ்ச்சியான துணுக்குகளையும் காட்டினார்கள். 2014இல் வெளியான அந்த ஆய்வின்படி, சில நிமிடங்களிலேயே என்ன பார்த்தோம் என்பது அவர்களுக்கு ஏறத்தாழ முழுவதும் மறந்துவிட்டது. ஆனால் படம் எழுப்பிய சோகமும் மகிழ்ச்சியும் அரை மணி நேரம் வரை நீடித்தன. காரணம் மறந்த பிறகும் உணர்ச்சி தங்கியிருந்தது. எனவே உங்கள் பிரியம் எட்டும். நீங்கள் வந்துபோனதை அவர் மறந்துவிட்டாலும் எட்டும். அவரைப் பார்க்கப் போகும்போது 'நான் யார் தெரிகிறதா' என்று கேட்டுச் சோதிக்காதீர்கள். தெரியாது என்று சொல்ல நேர்வது அவரை வருத்தும், அந்த வருத்தமும் அதேபோலத் தங்கிவிடும். உங்கள் பெயரை நீங்களே சொல்லிவிட்டு, அவர் பார்வைக்கு நேராக உட்காருங்கள். முன்கையில் கை வைத்து, மெதுவாக வருடிக்கொண்டே பேசுங்கள். அவர் சொன்ன கதையையே திரும்பச் சொன்னால் முதல் முறை கேட்பது போலக் கேளுங்கள். அவரைப் பார்த்துக்கொள்பவரிடமும் இதைச் சொல்லி வையுங்கள், ஏனென்றால் நீங்கள் இல்லாத நேரமெல்லாம் அருகில் இருப்பது அந்தப் பராமரிப்பவர்தான்.